பக்கம் திருப்பும் குழு

மாரென் இறந்து ஆறு மாதம் கழித்து வெர்னா கொய்விஸ்டோ தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நோலன், சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்லாதப்பா. சரி விடு. அந்த உறை எங்க இருக்கு?"

வெர்னாவுக்கு அறுபத்து நான்கு வயது. மாவட்டத்தின் வடகோடியில், சம்பளம் வாங்காத ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அங்கிருந்து மருத்துவமனை நாற்பத்தொரு மைல். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, முப்பத்தைந்து ஃபாரன்ஹீட் என்று குளிர் இறங்கும். நோயாளியை வீட்டிலிருந்து வண்டிக்குத் தூக்கி வருவதற்குள் டிரிப்ஸ் குழாயில் மருந்து உறைந்துவிடும். வண்டியின் பின்பக்கச் சூடேற்றி பாதி நாள் வேலை செய்யாது. பல வருடமாக இதுதான் நிலைமை.

மாரென் அதற்கு ஓர் உறை தைத்தாள். என் மனைவி. பல்கலைக்கழகத்தின் பொறியியல் கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தாள். கம்பளித் துணி, உள்ளே செம்பு நூல், சட்டைப் பையில் போடும் அளவுக்கு ஒரு பேட்டரி. குழாய்மேல் சுற்றிவிட்டால் மருந்து உறையாது. செம்பு நூலை எவ்வளவு இடைவெளியில் சுற்ற வேண்டும் என்பதில்தான் விஷயம் இருந்தது. நெருக்கிச் சுற்றினால் மருந்து கொதித்துவிடும். இடம் விட்டுச் சுற்றினால் உறைந்துவிடும். சரியான கணக்கைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பிப்ரவரியில் வெர்னாவின் வண்டியில் மூன்று நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று முறையும் மருந்து ஒழுங்காக இறங்கியது.

மார்ச்சில் மாரெனின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அவளுக்கு முப்பது வயது. அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

சவ அடக்கம் முடிந்த அடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். ஊழியர் கண்டுபிடித்தது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். நோட்டை எடுத்துக்கொண்டார்கள். வெர்னாவிடம் போய் உறையையும் வாங்கிக்கொண்டார்கள். மிகவும் மரியாதையானவர்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து குவித்திருந்த உருளைக்கிழங்குப் பதார்த்தத்தில் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

"பல்கலைக்கழகத்துல இருக்கு" என்றேன்.

"அப்ப போய் வாங்கிட்டு வா. உறை கிடைக்காட்டியும் அந்தக் கணக்கையாவது வாங்கிட்டு வா, நாங்களே தைச்சுக்குறோம். நான் நாப்பது சுத்து சுத்திப் பாத்தேன். நாயோட போர்வை எரிஞ்சு போச்சு."

"வாங்கிட்டு வரேன்."

"பனி அக்டோபர்ல வந்துடும், நோலன்."

*

பல்கலைக்கழகத்தில் முன்பு ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே கண்டுபிடிக்கிற பொருள்களை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். எதுவும் வெளியே போகவில்லை என்று அதை மூடிவிட்டார்கள். ஏன் வெளியே போகவில்லை என்று ஆராய, அதே இடத்தில் தொழில்நுட்பப் பரிமாற்ற சமூக ஆய்வு மையத்தைத் திறந்தார்கள். இங்கே பதினேழு பேர்.

வரவேற்பு மேஜையில் ஆர்டிஸ் என்ற அம்மாள் இருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். பதினொரு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எல்லாப் பக்கத்துலயும் சின்னக் கையெழுத்து. கடைசிப் பக்கத்துல பெரிய கையெழுத்து."

"இது பொருளைத் திரும்ப வாங்குறதுக்கா?"

"இது நீங்க ஆய்வுல பங்கேற்கச் சம்மதம்னு சொல்றதுக்கு."

"நான் ஆய்வுக்கு வரலையே."

"இந்தக் கதவு வழியா வர்ற எல்லாருமே ஆய்வுதான், கண்ணு. தபால்காரர்கூடப் போட்டிருக்காரு. நாலு வருஷமாப் போடுறாரு."

நான் மாவட்டச் சாலைத் துறையில் நில அளவையாளர். படிவங்களைக் கண்டு பயப்படுகிறவன் அல்ல. கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, குழுவின் முன் வரச் சொன்னார்கள்.

முட்டை வடிவ மேஜை. வட்ட மேஜை சமத்துவத்தைப் போலியாகக் காட்டுகிறது, நீள மேஜை அதிகாரத்தைக் காட்டுகிறது என்று ஒரு வருடம் விவாதித்து இதை வாங்கினார்களாம். நடுவில் எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் அடுக்கிய தட்டு. இயக்குநர் பேராசிரியர் ப்ரூயிட் சமூகவியல்காரர். வெள்ளி முடி, கையால் பின்னிய ஸ்வெட்டர் போட்ட பெண்மணி. அவருக்கு வலப்பக்கம் பொருளாதார நிபுணர் டாக்டர் பெக். இடப்பக்கம் மானுடவியல் ஆய்வாளர் டாக்டர் தேயர், என்னைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கலாம். மற்றவர்கள் சட்டம், வரலாறு, தத்துவம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"என் பேரைச் சொல்லி, கான்ஸ்டன்ஸ்னே கூப்பிடுங்க" என்றார் ப்ரூயிட். "முதல்ல நாம ஒவ்வொருத்தரும் எங்கேயிருந்து பேசுறோம்னு சொல்லிடுவோம். அதைச் சொல்லாம பேசுறது இங்க வழக்கமில்லை."

ஒவ்வொருவரும் சொன்னார்கள். தாங்கள் எந்தக் குடும்பத்தில் பிறந்தார்கள், எந்தத் துறையின் எந்தப் பிரிவில் யாரிடம் படித்தார்கள், யாரோடு எந்த ஆண்டு கருத்து வேறுபட்டார்கள், அதனால் இன்று எதைப் பார்க்கத் தவறக்கூடும் என்று விவரித்தார்கள். ஐம்பது நிமிடம் ஆனது. என் முறை வந்தது.

"சாலைத் துறையிலிருந்து" என்றேன். "ஒரு மணிக்குத் திரும்பிப் போகணும்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

உறையைக் கேட்டேன். அல்லது நோட்டை. அல்லது நோட்டில் இருக்கும் ஒரு கணக்கை. வடக்கே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டும், பனி வரப்போகிறது என்றேன்.

ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றினார்.

"நோலன், உங்க இழப்புக்கு நாங்க எல்லாரும் ரொம்ப வருந்துறோம். அதைப் பதிவு பண்ணியாச்சு. இப்ப நம்ம மையத்தைப் பத்தி ஒண்ணு புரிஞ்சுக்கணும். பன்னிரண்டு வருஷம். நானூத்திப் பன்னிரண்டு கண்டுபிடிப்பு. ஒண்ணுகூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகல. இந்தக் கண்டத்துல வேற எங்கயும் இவ்வளவு முழுமையான தொகுப்பு கிடையாது. மத்த பல்கலைக்கழகத்துல எல்லாம் ஒண்ணு ரெண்டு நழுவிடும். யாராவது ஒருத்தர் இரக்கப்பட்டுக் கொடுத்துடுவாங்க. அப்புறம் அவங்க ஆய்வு முடிவை எப்படி நம்புறது? நம்மகிட்ட அந்தக் குறை இல்லை."

"ஏன் வெளியே போகலைன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"நெருங்கிட்டோம்."

"நீங்க கொடுக்காததாலதானே போகல?"

மேஜையைச் சுற்றி ஒரு முனகல் எழுந்தது. கோபம் இல்லை, ரசனை. ப்ரூயிட் கனிவாகச் சிரித்தார்.

"ரொம்ப அழகான கருதுகோள். ஆனா ஒரே காரணத்தைச் சொல்ற விளக்கத்தை நாங்க தொண்ணூறுகள்லயே விட்டுட்டோம்."

டாக்டர் பெக் முன்னால் சாய்ந்தார். "அந்த உறை இல்லாம இருக்கணும்னா உங்களுக்கு எவ்வளவு கொடுத்தா ஒத்துக்குவீங்க? சும்மா ஒரு தொகை."

"ஏற்கெனவே இல்லாமத்தான் இருக்கேன்."

"அப்ப பூஜ்யம்" என்று குறித்துக்கொண்டார். திருப்தியாக இருந்தார்.

"எடுத்துட்டுப் போக முடியுமா, முடியாதா?" என்றேன்.

"நாங்க கொடுத்தா, எங்களால நடந்ததாயிடும்" என்றார் ப்ரூயிட். "பறவையை ஆராயுறவங்க அதுக்குக் கூடு கட்டிக் கொடுக்கலாமா? உங்க விஷயத்துல நாங்க கை வைக்கவே மாட்டோம், நோலன். அது உங்களுக்கு நாங்க காட்டுற மரியாதை. ஆனா நீங்க எப்ப வேணும்னாலும் ஆய்விலிருந்து விலகலாம். முழுச் சுதந்திரம். ஒன்பதாம் பக்கத்துல இருக்கு."

ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். பங்கேற்பாளர் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். விலகினால் அவர் தொடர்பான எல்லாத் தரவுகளும் முப்பது நாளில் அழிக்கப்படும். தரவு ஏழு, ஓர் உறை. தரவு எட்டு, ஒரு நோட்டு.

"விலகுறீங்களா?" என்று ஆர்டிஸ் பேனாவோடு கேட்டார்.

"இல்லை" என்றேன்.

கூட்டம் முடிந்தது. தட்டில் ஒரே ஒரு இனிப்புத் துண்டு மீந்திருந்தது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். டாக்டர் பெக் அதைப் பாதியாக வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். வரலாற்றுக்காரர் மீதியைப் பாதியாக வெட்டினார். சட்டத்துறைக்காரர் அதைப் பாதியாக வெட்டினார். நான் கிளம்பும்போது பட்டாணி அளவில் ஒன்று தட்டில் இருந்தது. பதினேழு பேரும் அதைப் பார்க்காதது போல் நின்று கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

அக்டோபரில் டாக்டர் தேயர் என் வீட்டுக்கு வரத் தொடங்கினார். உறை இல்லாத வீட்டில் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். வாரம் இரண்டு நாள், மூன்று வாரம். சமையலறை மூலையில் நோட்டோடு உட்கார்ந்துகொள்வார். நான் சாப்பிட்டால் எழுதினார். சாப்பிடாவிட்டாலும் எழுதினார்.

"அந்த ரெண்டு கோப்பையும் ஏன் வெளியவே இருக்கு?"

"ஒண்ணு மாரெனோடது."

"எது?"

"நீலம். அடியில விரிசல். எங்க வெச்சாலும் காப்பி வளையம் விடும்."

அவர் மேஜையைப் பார்த்தார். மேஜை முழுக்கப் பழுப்பு வளையங்கள். ஓரமாக, ஜன்னல் பக்கம், அதிகம். அவர் எதுவும் எழுதவில்லை. அந்த மூன்று வாரத்தில் அவர் எழுதாமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

கடைசி நாள் சூப் கொண்டுவந்தார். கதவருகே கையுறையை மாட்டியபடி நின்றார்.

"என்னைக் கேட்டா, நோலன், கொடுத்துடலாம். என்ன கெட்டுப்போகுது?"

"குழுவுல சொல்றீங்களா?"

அவர் முகம் மாறியது. காரில் ஏறி, எஞ்சினைப் போடாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் எதையோ எழுதினார். பின்னால் வந்த அறிக்கையில் அது இருந்தது. ஆய்வாளர் இருபத்தாறாம் தேதி மாலை நான்கு நாற்பதுக்குத் தடுமாறினார். நான்கு ஐம்பத்தைந்துக்கு மீண்டார்.

*

நவம்பரில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்தினார்கள். வெர்னா ஆம்புலன்ஸிலேயே வந்தார். பனி பூட்ஸ், ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பி. ஆர்டிஸ் நீட்டிய படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"வெர்னா, அதைப் படிச்சிட்டு..."

"படிச்சா கொடுத்துடுவாங்களா?"

மையத்தில் பெரும் உற்சாகம். இத்தனை வருடத்தில் ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்தப்போகிறவரே நேரில் கேட்டு வந்ததில்லை. தத்துவத்துறைக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். பெறுகிற சமூகம் இவ்வளவு உயரமாக இருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்றார்.

"எங்கேயிருந்து பேசுறீங்க, வெர்னா?" என்று ப்ரூயிட் ஆரம்பித்தார்.

"பாத்தா தெரியலையா, உங்க முன்னாடி நின்னுக்கிட்டுதான். இங்க பாருங்கம்மா. போன வாரம் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. இது இன்னும் குளிரே இல்லை. எனக்கு அந்தச் சாமான் வேணும். எவ்வளவு நாள் ஆகும்?"

"நாள்ங்கிறதை நீங்க எப்படி அனுபவிக்கிறீங்க?" என்று வரலாற்றுக்காரர் கேட்டார்.

வெர்னா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு எங்களைத் தொகுப்பு வைத்திருந்த அறைக்குள் அழைத்துப் போய்க் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உறை இருந்தது. கம்பளி கெடாமல் இருக்க எப்போதும் ஒரே வெப்பம் வேண்டுமாம். பெட்டியின் அடியில் சின்னச் சூடேற்றி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சூடேற்றி வெளிய கிடைக்குமா?" என்று வெர்னா கேட்டார். "இதையாவது எடுத்துட்டுப் போறேன்."

அடுத்த பெட்டியில் நோட்டு. விரித்து வைத்திருந்தார்கள். மாரெனின் கையெழுத்து. அதைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முட்டை பன்னிரண்டு. சாலை உப்பு இரண்டு மூட்டை. நோலனுக்கு இருமல் மருந்து. நூல்.

"இந்தப் பக்கத்தைப் பத்தி மட்டும் மூணு கட்டுரை வெளியிட்டிருக்கோம்" என்றார் ப்ரூயிட். "உப்பு ஏன்னு புரிஞ்சிடுச்சு, உறைநிலையைக் குறைக்கும். முட்டை பன்னிரண்டுதான் இன்னும் பிடிபடல. பெக் அதை ஒரு விகிதம்னு நினைக்கிறாரு."

"அது கடைக்குப் போற சீட்டு" என்றேன்.

"அது உங்க வாசிப்பு, நோலன். அதையும் மரியாதையோட சேத்துக்குறோம்."

"கணக்கு அடுத்த பக்கத்துல இருக்கும். அவ ஒவ்வொரு சனிக்கிழமையும் சீட்டு எழுதிட்டு அடுத்த பக்கத்துல வேலையை எழுதுவா. ஒரு பக்கம் திருப்புங்க. நாங்க பாத்துட்டுப் போயிடுறோம்."

சட்டத்துறைக்காரர் மெதுவாகச் சொன்னார். எந்தப் பக்கம் விரிந்த நிலையில் நோட்டு வந்து சேர்ந்ததோ அந்தப் பக்கமே விரிந்திருக்க வேண்டும் என்பது மையத்தின் நடைமுறை. மாற்ற வேண்டுமானால் குழு கூட வேண்டும். அதற்கு மனு வேண்டும்.

அங்கிருந்த மேஜையிலும் இனிப்புத் தட்டு இருந்தது. கடைசித் துண்டு, முழுத் துண்டு. வெர்னா நேராகப் போய் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அறையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது.

"என்ன?" என்றார் வெர்னா, மென்றுகொண்டே. "யாருக்காவது வேணும்னா எடுத்திருக்கலாமே."

டாக்டர் தேயர் எழுதிக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

*

டிசம்பரில் நான் மனுவைக் கொண்டுபோனபோது உறை இருந்த பெட்டி காலியாக இருந்தது.

"கொடுத்துட்டீங்களா?" என்றேன்.

"அரிசோனா போயிருக்கு" என்றார் ஆர்டிஸ். "அங்க ஒரு மாநாடு. வெளியேறாத தொழில்நுட்பங்கள்னு தலைப்பு. ஜனவரி கடைசி வரைக்கும் ஓட்டல் கூடத்துல வெச்சிருப்பாங்க. அப்புறம் ஃப்ளோரிடா."

ப்ரூயிட் அறைக்குள் போனேன். அவர் சூட்கேஸில் கோடைகால உடுப்புகளை மடித்துவைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் வெளியே போகாதுன்னு சொன்னீங்க."

"போகல, நோலன். பயனுக்குப் போனாத்தான் அது போனதா அர்த்தம். இது சும்மா சுத்துது. நம்ம புள்ளிவிவரம் பாதிக்காது, நான் சட்டத்துறையைக் கேட்டுட்டேன்." அவர் என் தோளைத் தொட்டார். "மாரென் இருந்திருந்தா பெருமைப்பட்டிருப்பாங்க. ஐந்நூறு பேர் பாக்கப்போறாங்க. வடக்க எத்தனை பேர் இருக்காங்க?"

"ஆயிரத்து நூறு பேர். சிதறி இருக்காங்க."

"பாத்தீங்களா" என்றார். என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி பதினேழு. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு. உறை இருந்த அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் எழுபது ஃபாரன்ஹீட் என்று காலை வானொலியில் சொன்னார்கள். மதியம் வெர்னா கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"ஆர்வோ சாரியை உனக்குத் தெரியுமில்ல? மாரென் முதல்ல உறையைப் போட்டாளே, அந்த ஆளு."

"தெரியும்."

"காலையில கூப்பிட்டாங்க. மறுபடியும் நெஞ்சு வலி. வீட்டுக்குள்ள டிரிப்ஸ் போட்டோம், நல்லா இறங்குச்சு. படிக்கட்டுலயிருந்து வண்டி வரைக்கும் வர்றதுக்குள்ள குழாய் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பையை என் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன். குழாயை வாயில வெச்சு ஊதினேன். இருபத்திரண்டாவது மைல்ல போயிட்டாரு."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எப்படியும் போயிருப்பாருப்பா. இதயம் கிழிஞ்ச துணி மாதிரி இருந்துச்சு. ஆனா குழாயால போகாம இருந்திருக்கலாம். உறை எங்கன்னு கேட்டாரு. நல்லா ஞாபகம் வெச்சிருந்தாரு. அந்தப் பொண்ணு தைச்சது எங்கன்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"வருதுன்னேன்."

மையத்துக்கு எழுதிப்போட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. அனுதாப அட்டை, பதினேழு கையெழுத்து. கூடவே ஒரு துணைப் படிவம். பெறுகிற சமூகத்தின் எண்ணிக்கை ஒன்று குறைந்ததை நான் உறுதி செய்ய வேண்டும். அடுத்த மாதம் டாக்டர் பெக் ஒரு வரைபடம் அனுப்பினார். உறையின் தேவை ஜனவரியில் சற்றுக் குறைந்திருப்பதாக அதில் கோடு இறங்கியிருந்தது.

*

பக்கம் திருப்புவது பற்றிய குழு பிப்ரவரியில் அமைந்தது. ஒன்பது பேர். முதல் கூட்டத்தில் எங்கேயிருந்து பேசுகிறோம் என்று சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்தில், பக்கம் என்பது தாளின் ஒரு முகமா, முழுத் தாளா என்று பார்த்தார்கள். மூன்றாவது கூட்டம் பனிப்புயலால் நடக்கவில்லை. வடக்கே அன்று வெர்னா இரண்டு பேரை மருத்துவமனைக்கு ஓட்டிப்போனார். ஹாக்கி காலுறைக்குள் கை சூடேற்றும் பொட்டலங்களைத் திணித்துக் குழாயில் கட்டியிருந்தார். ஒருவருக்கு மருந்து இறங்கியது. இன்னொருவருக்கு இறங்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். காரணம் தெரியவில்லை என்றார் வெர்னா.

நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனேன். எனக்குப் பேச அனுமதி இல்லை, உட்கார அனுமதி உண்டு. சாலைத் துறையில் என் மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி இறந்தவனிடம் ஒரு வருடம் வரைக்கும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

மார்ச்சில் மாரென் இறந்து ஒரு வருடம் முடிந்தது. சம்மதப் படிவத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று ஆர்டிஸ் சொன்னார். போடாவிட்டால் விலகியதாக அர்த்தம். பதினொரு பக்கத்திலும் போட்டேன்.

"நானா இருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேன்" என்றார் ஆர்டிஸ், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பெட்டிக்குப் பூட்டே கிடையாது, தெரியுமா? பன்னிரண்டு வருஷமாக் கிடையாது. திறந்தா விலகினதா ஆயிடும், அவ்வளவுதான். காவலர் வந்து வாங்கி அழிச்சிடுவாரு. ரொம்ப நல்ல மனுஷன்."

மே மாதம் ஏரியில் பனிக்கட்டி உடைந்தது. படகுகளைத் தண்ணீரில் இறக்கத் தொடங்கினார்கள். குழு ஒருமனதாக முடிவெடுத்தது. ஒரு பக்கம் திருப்பலாம்.

மையத்தில் அன்று விழா போலிருந்தது. ப்ரூயிட் ஃப்ளோரிடா வெயிலில் நிறம் மாறித் திரும்பியிருந்தார். எல்லோர் கையிலும் எலுமிச்சைத் துண்டு. நூலகத்திலிருந்து வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் வந்திருந்தார். நான் சட்டைப் பையில் பென்சிலும் சிறு தாளும் வைத்திருந்தேன். அளவுகளைச் சரியாகக் குறித்துக்கொள்வது என் தொழில். ஒரு நிமிடம் போதும்.

ப்ரூயிட் பேசினார்.

"நண்பர்களே, இந்த முடிவுக்கு நாம சுலபமா வரல. மனுவுல ஒரு பக்கம் திருப்பணும்னுதான் இருந்துச்சு. எந்தத் திசைன்னு இல்லை. திருப்புறதுன்னா முன்னாடிதான்னு நாம எல்லாருமே நினைச்சோம். நானும்தான், வெட்கத்தோட ஒத்துக்குறேன். நம்ம தத்துவத்துறை நண்பர்தான் நிறுத்தினாரு. முன்னாடி போறதுதான் வளர்ச்சிங்கிற அந்தப் பழைய மாயையை உடைக்கத்தானே இந்த மையமே ஆரம்பிச்சோம்? அதனால ஒரு கொள்கையோட, தைரியமா, பின்பக்கமாத் திருப்புறோம்."

கை தட்டினார்கள்.

"முன்பக்கம்" என்றேன். நான் எழுந்து நின்றிருந்தேன். "முன்பக்கம் திருப்புங்க. கணக்கு அங்கதான் இருக்கு. தயவுசெஞ்சு."

டாக்டர் தேயர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு குனிந்து எழுதினார்.

கையுறைப் பெண் கண்ணாடியைத் தூக்கி, இரண்டு விரலால் தாளைப் பிடித்து, பின்னால் திருப்பினார். எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

எழுத்து எதுவும் இல்லை. வெற்றுப் பக்கம். நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம்.

தத்துவத்துறைக்காரரின் கண் கலங்கியிருந்தது. டாக்டர் பெக் அளவுகோலை எடுத்துக் கண்ணாடிமேல் பிடித்தார். "மூணே கால் அங்குலம். சுருளோட விட்டம் இதுதான். சந்தேகமே இல்லை. இதோ, இந்த இடத்துல கனமா இருக்கு பாருங்க. மின்சாரம் நுழையுற முனை."

"நோலன்" என்றார் ப்ரூயிட், மெல்ல. "இது என்னன்னு உங்களுக்குத் தெரியுதா?"

குனிந்து பார்த்தேன். வளையம் இடது கீழ்ப்புறத்தில் தடித்திருந்தது. விரிசல் இருக்கும் இடம். சனிக்கிழமை காலையாக இருக்க வேண்டும். பேனாவைத் தேடும்போது கோப்பையை நோட்டின்மேல் வைத்திருப்பாள். நான் உப்பு வாங்க மறந்துவிடாதே என்று உள்ளேயிருந்து கத்தியிருப்பேன்.

"தெரியல" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். டாக்டர் தேயர் மட்டும் எழுதவில்லை. அவர் என் சமையலறை மேஜையைப் பார்த்தவர். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தட்டில் கடைசித் துண்டு இருந்தது. பாதியாகிப் பாதியாகி நகத்தளவு ஆகியிருந்தது. எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் வெர்னா கூப்பிட்டார்.

"திருப்பினாங்களா?"

"திருப்பினாங்க."

"எத்தனை சுத்து? இரு, பேனா எடுத்துக்குறேன். ம், சொல்லு."

"பின்பக்கமாத் திருப்பிட்டாங்க, வெர்னா."

அவர் பக்கத்தில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள்.

"சரி" என்றார் கடைசியில். "திரும்ப மனு போடு. அக்டோபர் வரைக்கும் நேரம் இருக்கு. ஒரு பக்கம்தானே?"

"இல்லை" என்றேன். "இப்ப ரெண்டு பக்கம்."